சரியாக உட்கார்ந்த வயர்

மனைவி வீட்டில் அவனுக்கு 'சரி மாப்பிள்ளை' என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். வைத்தது அவனுடைய சகலைதான், அதாவது மனைவியின் அக்காள் புருஷன். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றார்கள், சரி என்றான். போதுமா என்றார்கள், அதற்கும் சரி என்றான். "மாப்பிள்ளை ரொம்ப நல்லவரா, இல்ல காது கொஞ்சம் மந்தமா?" என்று சகலை கேட்டதும் வீடே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

இந்தச் 'சரி' இருக்கிறதே, பொல்லாத சொல். நீ சொல்வது உண்மை என்பதற்கும் அதுதான். நீ சொல்வது சுத்தப் பொய், ஆனால் உன்னோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை என்பதற்கும் அதுதான். அவன் வாயிலிருந்து வந்த சரிகளில் முக்கால்வாசி இரண்டாவது வகை. கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கென்ன, காரியம் நடந்தால் போதும்.

கட்டாத வீட்டைக் கட்டியது மாதிரி காட்டுவது அவன் தொழில். இன்ஜினியர் கொடுக்கும் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுவர் எழுப்பி, தரை போட்டு, ஜன்னல் வழியாக வெயிலையும் உள்ளே விடுவான். வாங்கப் போகிறவர் படத்தைப் பார்த்துவிட்டு, "சோபாவை அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க" என்று இல்லாத சோபாவுக்குச் சண்டை போடுகிற அளவுக்கு அது தத்ரூபமாக இருக்கும். வேலை பார்த்த அலுவலகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அதிலிருந்து படுக்கையறையின் ஒரு மூலையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மேஜை போட்டு, கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தான்.

சகலைக்கு டைல்ஸ் கடை. மாடியும் கீழுமாகப் பெரிய கடை. சுவர் முழுக்கத் தண்ணீர் வராத குழாய்களாக மாட்டியிருப்பார். குடும்பம் எங்கே கூடினாலும் அவர் தவறாமல் ஒரு பேச்சை எடுப்பார்.

"எதுக்கு சகலை தனியா மூலையில உக்காந்து கஷ்டப்படறே? நம்ம கடைக்கு வந்துடு. வர்றவங்களுக்கு கம்ப்யூட்டர்ல டைல்ஸ் ஒட்டிக் காட்டு. உனக்கும் நாலு பேர் மத்தியில ஒரு மரியாதை."

மாமனார் உடனே தலையாட்டுவார். பெரிய மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் ஆடும் தலை அது. அவன் என்ன சொல்வான் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தச் சரி அவன் வாயிலிருந்து வருவதற்குள் அவன் மனைவி முந்திக்கொள்வாள். "அவருக்கு அவர் வேலை இருக்கு அத்தான்" என்பாள், முகத்தில் அடித்த மாதிரி. அந்த ஒரு வாக்கியத்தின் நிழலில்தான் அவன் இத்தனை நாளும் அந்தக் கடைக்குப் போகாமல் இருந்தான். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம், இது உண்மையாக வேண்டுமே என்று நினைத்துக்கொள்வான்.

உண்மையாகிற நேரமும் வந்தது. பெரிய டிசைன் நிறுவனம் ஒன்று, கட்டப்போகும் குடியிருப்பு ஒன்றின் முழு வரைபடத்தையும் அவனிடம் கொடுத்தது. வாசலில் நுழைந்து, படியேறி, கதவைத் திறந்து, பால்கனியில் போய் நிற்பது வரைக்கும் ஓடும் படமாக வேண்டும். "திங்கட்கிழமை காலையில எங்க டைரக்டர் பார்க்கிறார். பிடிச்சுதுன்னா நீங்க எங்க ஆளு" என்றார்கள். நிரந்தர வேலை. சொந்த மேஜை. சகலையின் கடைக்கு ஒரேயடியாக ஒரு கும்பிடு.

அவன் உயிரைக் கொடுத்துச் செய்தான். ஒவ்வொரு சுவராக, ஒவ்வொரு கைப்பிடியாக. சமையலறை மேடையில் ஒரு ஈரத் துணியைக்கூடப் போட்டு வைத்தான். "யாரும் கேக்கலையே, எதுக்கு அது?" என்று மனைவி கேட்டதற்கு, "ஆள் வாழற வீடுன்னு தெரியணும்" என்றான். அவள் குனிந்து திரையில் அந்தத் துணியைப் பார்த்தாள். பிறகு அவன் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் முடிந்து, அசையாத படத்தை ஓடும் படமாக மாற்றப் போகும்போது மெஷின் மூச்சு வாங்கியது. படத்தை ஓட்டுகிற பழைய கிராபிக்ஸ் கார்டு அந்தக் குடியிருப்பைத் தாங்கவில்லை. பாதிப் படியில் ஏறி அப்படியே உறைந்து நின்றது. புதுக் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும். மனைவி ஒரு வார்த்தை கேட்காமல் தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்தாள். கார்டு வந்தது. செங்கல் கனம் இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், எழுநூற்றைம்பது வாட்ஸ் பவர் சப்ளையாவது வேண்டும் என்று போட்டிருந்தது. மெஷினுக்குள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது; அவனுடையது அந்த வாட்ஸில் பாதியை ஒட்டித்தான் இருந்தது. கார்டில் செருகுவதற்கு வேண்டிய வயரும் அதில் கிடையாது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைவது என்பது இதுதான்.

கார்டு வாங்கின கடைக்கே மறுபடியும் போனான். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் நீளமான, குறுகலான கடை. கவுண்ட்டரில் இருந்த பெண் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டே அவனை விசாரித்தாள். என்ன பிராசஸர், எத்தனை டிஸ்க், எத்தனை ஃபேன், கேபினெட்டுக்குள்ளே எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது. அவன் சொல்லச் சொல்ல அவள் மனக்கணக்காகக் கூட்டினாள். கார்டு திடீரென்று மின்சாரத்தை இழுக்கும்போது தாங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்தாள். தான் சொல்வதை ஒருவர் கேட்டு, அதை வைத்து ஒரு முடிவு எடுப்பது அவனுக்குப் புதுசாக இருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"ஸ்டாக் நாளைக்குக் காலையில வந்துடும் சார், வந்து வாங்கிக்கங்க" என்றாள். பிறகு கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஒரே ஒரு விஷயம். பழைய வயரை அப்படியே விட்டுட்டு பவர் சப்ளை பெட்டியை மட்டும் மாத்திடாதீங்க. பெட்டியோட வர்ற வயரைத்தான் போடணும். டிஸ்க் பக்கம் இருக்கற முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒண்ணுதான். பெட்டிப் பக்கம் இருக்கற முனை அப்படி இல்ல. பிளக் பொருந்தும், ஆனா உள்ள வரிசை வேற. அஞ்சு வோல்ட் போக வேண்டிய கம்பியில பன்னெண்டு போச்சுன்னா டிஸ்க் கருகிடும்."

"சரி" என்றான்.

"எல்லாரும் சரின்னுதான் சார் சொல்றாங்க. அப்புறம் கருக்கிக்கிட்டு வர்றாங்க."

"இல்லைங்க, நான் பார்த்துக்கறேன்" என்றான். அது முதல் வகைச் சரி. மனதாரச் சொன்னது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்கு அந்த வரி பிடித்துப்போய்த் திரும்பத் திரும்ப ஓடியது: பிளக் பொருந்தும், உள்ளே வரிசை வேறு. எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

மறுநாள் சனிக்கிழமை. கடைக்குக் கிளம்பிச் செருப்பில் கால் விடும்போது வாசலில் கார் வந்து நின்றது. சகலை இறங்கினார். பின்னாலேயே மனைவியின் அக்காள், மாமனார். சகலையின் கையில் ஒரு துணிப்பை, அதற்குள் கனமாக ஏதோ. வேறொன்றுமில்லை, மனைவி முந்தின நாள் அக்காளிடம் போனில் பேசும்போது, இப்படிக் கார்டு வாங்கினோம், பவர் சப்ளை வாங்கணும் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் ஒரு காதில் விழுந்தால் எல்லாக் காதிலும் விழுந்த மாதிரி.

"கடைக்குப் போய் எவன்கிட்டயாவது ஏமாறாதே சகலை" என்று பையை மேஜை மேல் வைத்தார். "நம்ம பையன் கேம் ஆடறதுக்கு வாங்கினது. எண்ணூத்தம்பது வாட்ஸ். அவனுக்கு இப்ப வேற வாங்கியாச்சு. இது சும்மாதான் கிடக்குது. எடுத்து மாட்டு."

நல்ல சரக்குதான், அதில் குறை சொல்வதற்கில்லை. அவன் பையைக் கொட்டிப் பார்த்தான். மதர்போர்டுக்குப் போகும் தடித்த வயர் இருந்தது. கார்டுக்குப் போகும் வயர்கள் இருந்தன. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வயர் மட்டும் இல்லை.

"டிஸ்க் வயர் காணோமே அண்ணே?"

"பையன் எங்கயாவது போட்டிருப்பான். அதான் உன் பழசுல இருக்குல்ல? அதையே குத்து. எல்லா வயரும் ஒண்ணுதான்."

"இல்லண்ணே, கடையில வேற மாதிரி சொன்னாங்க. பெட்டிக்குப் பெட்டி..."

"கடைக்காரன் சொல்லத்தான் செய்வான், வயரைத் தனியா விக்கணும்ல? நானும் கடைக்காரன்தான்யா. எனக்கே கதை சொல்றியா?"

அக்காள் சிரித்தாள். மாமனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது மாப்ள" என்றார். சொல்லிவிட்டு, தன் பெரிய மாப்பிள்ளை எப்படிப்பட்ட தாராள மனசுக்காரர் என்று ஊருக்கே சொல்கிற மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தார். மனைவி காபித் தம்ளர்களோடு வந்தவள் அவனைப் பார்த்தாள். "ஏதாவது பிரச்சினையா? கடையிலயே வாங்கிக்கலாம்னா வாங்கிக்கங்க" என்றாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மாதிரிதான். அவன் வெளியே வந்தால் மட்டும் போதும்.

சகலை அவளுக்குப் பதில் சொன்னார். "ஏம்மா, நான் கொண்டாந்தது ஆகாதா? நான் என்ன அவனுக்குக் கெட்டதா நினைக்கப் போறேன்?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"சரி" என்றான் அவன். "இதையே மாட்டிடலாம்."

இந்த இடத்தில் கதை சொல்கிறவனுக்கே எரிச்சல் வருகிறது. அவன் சண்டை போட வேண்டாம். சத்தியத்தை நிலைநாட்ட வேண்டாம். அந்த டிஸ்க் வயரைக் குத்தாமல் விட்டாலே போதும். 'முதல்ல கார்டு ஓடுதான்னு பார்ப்போம் அண்ணே, டிஸ்க் அப்புறம்' என்று ஒரு வாக்கியம். மெஷின் டிஸ்க் இல்லாமலே எழுந்துகொள்ளும், அதற்கு வேண்டியது மதர்போர்டிலேயே இருந்தது. இவர்கள் போனதும் கடைக்கு ஓடிப் புதுசை வாங்கி மாட்டிக்கொண்டு, சகலை கொடுத்ததுதான் ஓடுகிறது என்று ஆயுசுக்கும் பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? அது அவனுக்கும் தோன்றியது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றும்போது தோன்றியது, பழைய பெட்டியின் திருகுகளைக் கழற்றும்போது இன்னும் பலமாகத் தோன்றியது.

பழையதை உருவிப் புதியதை உள்ளே தள்ளினான். தடித்த வயரைச் செருகினான். கார்டை உட்கார வைத்து அதன் வயர்களைச் செருகினான். பழைய டிஸ்க் வயர் மட்டும் அவன் முன்பு அழகாகக் கட்டி வைத்தபடியே கேபினெட்டின் பின்பக்கம் ஓடி, ஒரு முனை இரண்டு டிஸ்க்குகளிலும் மாட்டியிருக்க, மறு முனை வெறுமனே தொங்கியது. ஒரு டிஸ்க்கில் அந்தக் குடியிருப்பு. மற்றதில் அதன் நகல். ஜாக்கிரதைக்காரன் அவன், தினமும் நகல் எடுத்து வைப்பான். இணையத்தில் ஏற்றி வைக்கலாமென்றால் அவன் வீட்டு இணைப்புக்கு அது முடிகிற காரியமில்லை. அதனால் இரண்டு டிஸ்க். இரண்டும் ஒரே வயரில்.

சகலை குனிந்து கைப்பேசி விளக்கை அடித்துக் காட்டினார். "அதோ, அந்த ஓட்டைதான். குத்து."

அவன் தொங்கிய முனையைப் பிடித்தான். ஒருவேளை இரண்டும் ஒரே வரிசையாக இருக்கலாம், அவனுக்கு என்ன தெரியும்? அந்தப் பெண் எல்லாவற்றையுமா சொன்னாள்? கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்றாள், சில கம்பெனி ஒன்றாகவும் இருக்குமே. பயந்தவனுக்கு 'ஒருவேளை' மாதிரி ஒரு துணை கிடையாது. பிளக்கை ஓட்டையில் வைத்து அழுத்தினான். கிளிக் என்று உட்கார்ந்தது.

"பார்த்தியா! எப்படி உக்காந்துச்சு பார்!" என்றார் சகலை. "பொருந்தாதுன்னியே?"

சுவிட்சைப் போட்டதும் ஃபேன்கள் ஒரு சுற்றுச் சுற்றின. டப் என்று ஒரு சத்தம், பெரிதாகக்கூட இல்லை. உடனே மெஷின் அணைந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகும் வாசனை அறைக்குள் பரவியது. மனைவி ஜன்னலைத் திறந்தாள். அக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவன் அசையவில்லை. டிஸ்க் வயரைச் சகலைதான் கையை விட்டுப் பிடுங்கினார். மறுபடி சுவிட்சைப் போட்டார். மெஷின் எழுந்துகொண்டது. புதுக் கார்டின் விளக்குகள் நீலமாக எரிந்தன, திரை வெளிச்சமானது.

"அப்பாடா, ஒண்ணும் ஆகல!" என்றார் சகலை. "கார்டு ஜம்முனு ஓடுது பார். உன் டிஸ்க்தான் பழசு போல, அதான் வாயைப் பொளந்துடுச்சு. வேற வாங்கிப் போட்டுக்கலாம்."

வேறு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். படியும் பால்கனியும் ஈரத் துணியும் கடையில் விற்கிற மாதிரி. அவன் திரையைப் பார்த்தான். அதில் டிஸ்க்குகள் தெரிய வேண்டிய இடம் காலியாக இருந்தது. மாமனார், "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க மாப்ள" என்றார். யாரை யானை என்றார் என்பது அவருக்கே வெளிச்சம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற இடத்துக்கு அன்றைக்கே ஓடினான். அங்கே ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, மேலே இருக்கிற போர்டு கருகியிருக்கிறது, உள்ளே தகவல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அதே மாதிரி போர்டு தேடிப் பிடிக்க ஒரு மாதமாவது ஆகும் என்றார். திங்கட்கிழமை டைரக்டர் வந்தார். இவனிடம் காட்ட ஒன்றுமில்லை. அவகாசம் கேட்டுப் போன் செய்தான். மறுமுனையில் இருந்தவர் தன்மையாகத்தான் பேசினார். "எல்லாருக்கும் நடக்கறதுதான் சார். ஆனா நாங்க காத்திருக்க முடியாதுல்ல? அடுத்த தடவை பார்க்கலாம்." அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை.

ஊருக்குள்ளே கதை வேறு மாதிரி ஓடியது. 'சகலை சும்மா தூக்கிக் கொடுத்தார், இவன் எதையோ மாற்றிக் குத்திக் கெடுத்துக்கொண்டான்' என்று. ஓட விட்டது சகலைதான். அவன் மறுக்கவில்லை. மனைவிக்குத்தான் தாங்கவில்லை.

அக்காள் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டாள். "அத்தானோட பெருமைக்கு என் வீட்டுக்காரர் பொழப்பு போச்சு. அவர் வேண்டாம்னுதானே சொன்னார்? வாயை அடைச்சு மாட்ட வெச்சீங்க" என்றாள். அக்காள் சும்மா இருப்பாளா? "ஓசியில வாங்கிட்டுப் பேச்சைப் பாரு பேச்சை. உன் புருஷனுக்கு வாய் இல்லைன்னா அதுக்கு நாங்களா பொறுப்பு?" என்றாள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள். அப்பாவிடமும் அவள் சொல்லிவிட்டாள்: "எனக்கு அவர்தான் முக்கியம். அத்தான் தப்புன்னு ஒத்துக்கற வரைக்கும் நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

இதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவள் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள், கண் சிவக்க. "நான் சரியாத்தானே கேட்டேன்?" என்றாள். அவன் "சரிதான்" என்றான். ஐயோ, அந்தச் சரியாவது அவன் தொண்டையில் சிக்கியிருக்கக் கூடாதா.

அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அத்தான் முகத்துக்கு நேரே நீட்ட ஒரு ஆதாரம் வேண்டும் என்று, கருகிய டிஸ்க் ஒன்றையும் அந்த வயரையும் பையில் போட்டுக்கொண்டு, ஒருநாள் அந்தக் குறுகலான கடைக்குத் தனியாகப் போனாள். திரும்பி வரும்போது அவன் மேஜை முன்னால் உட்கார்ந்து யாருக்கோ ஒரு கதவு வரைந்துகொண்டிருந்தான். அவள் பையைக் கீழே வைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தக் கடைப் பொண்ணைப் பார்த்தேன்."

அவன் கை மவுஸின் மேல் நின்றது.

"வயரைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிருச்சு. 'இது வேற பெட்டி வயராச்சே மேடம், நான் சார்கிட்ட அவ்வளவு சொன்னேனே, அவரும் சரின்னாரே'ன்னுச்சு." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "உங்களுக்குத் தெரியுமா? கருகிடும்னு தெரிஞ்சுமா குத்தினீங்க?"

"எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க" என்றான். அவனுக்கே அது காறித் துப்பத் தக்க பதிலாகத் தோன்றியது. ஆனாலும் அதுதான் உண்மை, அதைவிட்டால் அவனிடம் வேறு உண்மை இல்லை.

"நானுந்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "கடையிலயே வாங்கிக்கங்கன்னு சொன்னேனே, என் காதுலயாவது ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல?"

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"அத்தான் தெரியாம செஞ்சார். நீங்க தெரிஞ்சு செஞ்சீங்க. நான் எங்கக்காவை, எங்கப்பாவை எல்லாரையும் விட்டுட்டு உங்க பக்கம் வந்து நின்னேன். உங்க பக்கத்துல நீங்களே இல்லையே."

அவ்வளவுதான் பேச்சு. அவள் அழவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. பக்கத்து அறைக்குப் போய் அக்காளுக்குப் போன் செய்தாள். கதவைச் சாத்தவில்லை, எல்லாம் கேட்டது. "நான்தான்க்கா. தப்பு எங்க மேலதான். அத்தான்கிட்டயும் சொல்லிடு." மறுமுனையில் அக்காள் நீளமாக ஏதோ பேசினாள். இவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"சரிக்கா. அனுப்பி வைக்கிறேன்."

இப்போது அவன் டைல்ஸ் கடையில் இருக்கிறான். அந்தப் புதுக் கார்டைக் கழற்றிக் கடையின் கம்ப்யூட்டரில் மாட்டியாகிவிட்டது. மாட்டியது அவன்தான், வயர்களை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து மாட்டினான், அங்கே தடுக்க ஆளில்லை. வருகிறவர்களின் குளியலறையைப் படமாக்கி, அவர்கள் கை காட்டும் டைல்ஸை ஒட்டிக் காட்டுவான். மீட்டுத் தருகிற இடத்திலிருந்து போன் வந்தது, போர்டு கிடைத்துவிட்டது, தகவல் முழுசாக வந்துவிட்டது என்று. வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறான். மனைவி அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் இப்போதெல்லாம் அவனிடம் எதையுமே கேட்பதில்லை. கேட்க வேண்டியதை யோசித்து, முடிவையும் தானே எடுத்துவிட்டு, அவனிடம் தகவலாகச் சொல்கிறாள். குடும்பம் கூடும்போது சகலை அவன் தோளைத் தட்டி, "நம்ம கடையே இப்ப இவனாலதான் ஓடுது" என்பார். அவள் அங்கேதான் இருப்பாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் ஒரு பெரியவர் மகளோடு வந்தார். கையில் தடி. அவருக்காகத்தான் குளியலறையை மாற்றிக் கட்டுகிறார்களாம். மகளுக்கு ஒரு டைல்ஸ் பிடித்துப்போனது, நல்ல பளபளப்பு, வெண்மையில் சாம்பல் கோடு. அது சுவரில் ஒட்டுவது. தரையில் போட்டால் ஈரம் பட்டதும் பனிக்கட்டிதான். ஆனால் அதில் தங்கிவிட்ட சரக்கு நிறைய இருந்தது, சகலைக்கு அதைத் தள்ளிவிட வேண்டும்.

"தரைக்கும் இதையே போட்டா அம்சமா இருக்கும்மா" என்றார் சகலை.

பெரியவர் தடியின் நுனியால் அதைத் தட்டிப் பார்த்தார். "வழுக்குமோ?"

"வழுக்கவே வழுக்காதுங்க. நம்ம டிசைனரையே கேளுங்க, படிச்சவரு. என்ன சகலை?"

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் திரையில் அந்தக் குளியலறை இருந்தது, ஜன்னல் வழியாக வெயில் விழுந்து தரை மின்னிக்கொண்டிருந்தது. பெரியவரின் வலது கால் லேசாக இழுத்தபடி இருப்பதை அவன் அவர் உள்ளே வரும்போதே கவனித்திருந்தான்.

"சரியா இருக்கும்" என்றான்.

பெரியவருக்கு முகம் மலர்ந்தது. மகளிடம் திரும்பி, "இதையே போட்டுடலாம்மா" என்றார். "இந்தத் தம்பி முகத்தைப் பார்த்தாலே தெரியுது, பொய் சொல்ற ஆளில்ல."

அவன் படத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தான்.